தெரியாது என்று சொல்ல நாலு பேர்



"உருப்படியா ஏதாவது பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். நாம் இங்கே படித்த உருப்படியான பாடம் ஒன்று உண்டு. அளவை எழுதினால் பிளஸ் ஆர் மைனஸும் சேர்த்து எழுத வேண்டும். நம்மைப் பற்றிப் பேசும்போது மட்டும் அதை விட்டுவிடுகிறோம்.

1986 ஜனவரி 27 இரவு. சாலஞ்சர் விண்கலத்தின் பூஸ்டர்களைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள், 'இந்தக் குளிரில் ரப்பர் ஓ-ரிங் சரியாக அடைக்காமல் போகலாம், ஏவ வேண்டாம்' என்றார்கள். முழு நிரூபணம் கையில் இல்லை. நாசா அதிகாரிகள் ஆட்சேபித்ததும் நிறுவனத்தின் நிர்வாகம் சம்மதித்துவிட்டது. மறுநாள், கிளம்பிய 73 விநாடியில் கலம் சிதறியது. ஏழு பேரும் மாண்டார்கள். 'உறுதியாகத் தெரியாது' என்ற சொல்லுக்கு அந்தக் கூட்டத்தில் மதிப்பில்லை.

1955-இல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 'ஜோஹாரி ஜன்னல்' வரைந்தார்கள். நாலு கட்டம். எல்லோருக்கும் தெரிந்த நான். நான் மறைக்கும் நான். பிறருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாத நான். யாருக்குமே தெரியாத நான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, அதுதான் மூன்றாவது கட்டம். அதைப் பார்க்க இன்னொருவர் வேண்டும்.

எங்கள் செட்டில் ஆறு பேர் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறோம். விதிகள்: குறுக்கே பேசக்கூடாது, அறிவுரை கூடாது, கேள்வி கேட்கலாம், பேசியது வெளியே போகக்கூடாது. இப்போது சொல்லப்போவது நண்பரின் அனுமதியோடு.

வேலை போய் இரண்டு மாதம். வீட்டில் சொல்லாமல் தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிக்கொண்டிருந்தார். எங்களிடம் சொன்னபோது ஒருவர் கேட்டார்: "வீட்ல தெரிஞ்சா என்ன ஆகும்னு பயப்படறே?" வெகுநேரம் மௌனம். "இன்ஜினியர்ங்கறது போயிட்டா நான் யாருன்னு எனக்கே தெரியலைடா" என்றார்.

அன்றிரவே மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா, "எனக்கு அப்பவே சந்தேகம். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாராம். அடுத்த வேலை கிடைக்க மேலும் ஐந்து மாதம் ஆயிற்று. ஆனால் அந்த ஐந்து மாதமும் மதியச் சாப்பாட்டை வீட்டிலேயே சாப்பிட்டார்.

இது வைத்தியம் அல்ல. தூக்கம் கெட்டு, வாழவே பிடிக்கவில்லை என்றால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

தம்பி தங்கைகளே, 'ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்?' என்று இன்டர்வியூவில் கேட்பார்கள். தயார் செய்த பதிலைச் சொல்லுங்க, தப்பில்லை. ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் "உண்மையில எனக்குத் தெரியலை" என்று சொல்ல நாலு பேரை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.