நாற்பது தாண்டி ஒரு சீவாளி

ஓசூர்க் குளிரிலும் அந்தக் கறுப்பு அங்கிக்குள் வேர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே, விடியற்காலை பஸ் பிடித்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே!

சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு டூல் ரூமில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவன் நான். தொழில்துறை எதிர்காலத்தைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் அழைத்தார்கள். அது எனக்குத் தெரிந்திருந்தால் ஷேர் வாங்கியிருப்பேன். எனக்குத் தெரிந்த வேறு ஒன்றைச் சொல்கிறேன்: குழல் ஊதிய இரண்டு மனிதர்களின் கதை. ஒருவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்காரர். மற்றவர் நமக்குப் பக்கத்து மாநிலம், மங்களூர்ப் பக்கம்.

பாஸ்டன்காரர் பெயர் சார்லி மரியானோ. 1923 நவம்பரில், இத்தாலியிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்தில் பிறந்தவர். ஜாஸ் இசையில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தார், புல்லாங்குழலும் வாசித்தார். ஜாஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வித்வான் கற்பனாஸ்வரத்தில் இறங்குகிறார் இல்லையா? எழுதிவைத்தது எதுவும் இல்லை. தாளம் மட்டும் விடாது. ஜாஸில் முக்கால்வாசி நேரம் அந்த இறக்கம்தான். நமக்கு ராகம் வேலி. அவர்களுக்கு ஸ்வரக் கூட்டுகள் வேலி, அதுவும் சில நொடிகளுக்கு ஒருமுறை இடம் மாறும் வேலி.

அந்த உலகத்தில் மரியானோ சின்ன ஆள் இல்லை. 1950-களில் ஸ்டான் கென்டனின் பெரிய வாத்தியக் குழுவில் இருந்தார். 1963-ல் சார்லஸ் மிங்கஸ் பதிவுசெய்த புகழ்பெற்ற இசைத்தட்டு ஒன்றில், அழுவதுபோல ஓர் ஆல்டோ குரல் கேட்கும். அது இவருடையது. பாஸ்டனில் இன்று பெர்க்லி என்று உலகமே அறிந்த இசைக் கல்லூரியில் படித்தவர், பிறகு அங்கேயே ஆசிரியரானவர். பெயர், சம்பளம் எல்லாம் வந்தாயிற்று.

1960-களின் நடுவில் அவர் மலேசியா போனார், கோலாலம்பூர் வானொலியின் வாத்தியக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்க. அங்கே நம் தமிழர்களின் நாகஸ்வரத்தைக் கேட்டார். கேட்டவர் கைதட்டிவிட்டுப் போயிருக்கலாம். கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பிறகு அதற்காகவே தென்னிந்தியாவுக்கும் வந்தார்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது இரண்டு வாத்தியங்களையும் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாக்ஸபோன் பித்தளை. அடோல்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியக்காரர் செய்து, 1846-ல் பாரிஸில் காப்புரிமை வாங்கியது. அதன் வாய்த்துண்டில் ஒற்றை நாணல் பட்டை. மேற்பல்லைத் துண்டின்மேல் ஊன்றிக்கொண்டு, கீழுதட்டால் பட்டையைத் தாங்கி ஊத வேண்டும். துளைகளை விரல் தொடாது, சாவிகளும் தோல் வைத்த மூடிகளும்தான் மூடித் திறக்கும். நாகஸ்வரம் ஆச்சா மரம். முகத்தில் சீவாளி, அதாவது ஒன்றோடொன்று ஒட்டிய இரட்டை நாணல். பல் படக் கூடாது, இரண்டு உதடும்தான் பிடி. துளைகளை விரலே மூட வேண்டும், பாதி, கால், அரைக்கால் என்று. மூச்சோ, திறந்தவெளியில் நாலு வீதிக்குக் கேட்கிற மூச்சு. இருபது வருஷத்துக்கு மேல் சாக்ஸபோனுக்கு வடிவான உதட்டில் சீவாளியை வைத்தால் முதல் நாள் என்ன வரும்? ‘பீ’ என்று ஒரு சத்தம் வரும். குழந்தை ஊதலுக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது.

அந்த ‘பீ’யைப் பொறுத்துக்கொண்டாரே, அதைத்தான் நான் பல ராத்திரி நினைத்துப் பார்த்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. எனக்கு நாற்பத்தாறு வயதானபோது எங்கள் டூல் ரூமில் கம்ப்யூட்டர் லேத் வந்தது. அதுவரை கையால் கைப்பிடியைச் சுற்றி, காதால் வெட்டுச் சத்தத்தைக் கேட்டே டூல் மழுங்கிவிட்டதைச் சொல்கிறவன் நான். இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனை எனக்குக் கற்றுக்கொடுக்கப் போட்டார்கள். மூன்று வாரம் முறைத்துக்கொண்டே இருந்தேன். நான் போட்ட முதல் புரோகிராமில் டூல் நேராகப் போய், வேலைத்துண்டைப் பிடித்திருக்கும் சக்கில் மோதியது. பையன் சிரிக்கவில்லை. ‘அண்ணா, புள்ளி வைக்க மறந்துட்டீங்க’ என்றான். ஒரு தசமப் புள்ளி. அன்று ராத்திரி வீட்டில் சாப்பிடவில்லை.

மரியானோ கதைக்கு வருகிறேன். 1971 வாக்கில் அவர் ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்து, கடைசியில் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் தங்கிவிட்டார். இசைத்தட்டுகளில் சாக்ஸபோன், புல்லாங்குழலோடு நாகஸ்வரமும் வாசித்தார். நம்மைத் தொடும் இடம் இனிதான். அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு. அங்கே டி.ஏ.எஸ். மணி என்ற மிருதங்க வித்வான் 1964-ல் தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன். அவர் மனைவி ஆர்.ஏ. ரமாமணி பாடகி. அவர்களோடு சேர்ந்து மரியானோ ஜெர்மனியில் பதிவுசெய்த ‘ஜ்யோதி’ 1983-ல் வந்தது. அதில் மிருதங்கம், கடம், கஞ்சிரா எல்லாம் உண்டு. நான் ரசித்தது வேறு. ரமாமணி பாடும்போது மரியானோ பல இடங்களில் குறைவாகத்தான் வாசிக்கிறார். கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது நமக்கே கேட்கிறது. 2009-ல் கொலோனில் காலமானார்.

இப்போது எதிர்த்திசையிலிருந்து வந்தவர். கத்ரி கோபால்நாத், 1949 டிசம்பரில் தட்சிண கன்னட மாவட்டத்தில் பிறந்தவர். அப்பா தனியப்பா நாகஸ்வரக்காரர், எனவே பிள்ளையும் நாகஸ்வரம். ஒருநாள் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைப் பார்த்துவிட்டான் பையன். அவ்வளவுதான், மனசு போய்விட்டது. மரியானோ பித்தளையிலிருந்து மரத்துக்குப் போனார், கோபால்நாத் மரத்திலிருந்து பித்தளைக்கு வந்தார். நடுவழியில் இருவரும் ஒருவரையொருவர் தாண்டிப் போயிருப்பார்கள் என்று எனக்கு ஒரு கற்பனை.

மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் படித்தார். பிரச்சினை என்னவென்றால், கர்நாடக சங்கீதத்தின் உயிர் கமகம். ஸ்வரம் ஒரு புள்ளியில் நிற்காது, அசையும், வழுக்கும். சாக்ஸபோன் சாவியோ திறக்கும் அல்லது மூடும், நடுவில் ஒன்றும் இல்லை. படிக்கட்டில் சறுக்கு மரம் விளையாடச் சொல்வதுபோல. அவர் உதட்டையும் மூச்சையும் கொண்டு அந்தப் படிகளை வழுவழுப்பாக்கினார். வாத்தியத்திலும் தனக்கு வேண்டியபடி சில மாற்றங்கள் செய்துகொண்டார். மெக்கானிக்கல் படித்தவர்கள் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு மெஷின் வந்தால் மாற்றாமல் கும்பிடுகிறவர்களும் உண்டு, திருப்புளியை எடுப்பவர்களும் உண்டு.

1980-ல் பம்பாய் ஜாஸ் விழாவில் அவர் வாசிக்க, அமெரிக்க சாக்ஸபோன்காரர் ஜான் ஹேண்டி கேட்டுவிட்டுச் சேர்ந்து வாசிக்க வந்தார். 1994-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பி.பி.சி. நடத்தும் இசைவிழாவில் வாசித்தார். அதே வருஷம்தான் கே. பாலசந்தரின் ‘டூயட்’ வந்தது. பிரபு கையில் இருந்த சாக்ஸபோனுக்கு மூச்சு இவருடையது. உங்கள் அப்பா அம்மாவைக் கேளுங்கள், அந்தக் காலத்துக் காதலர்கள் அவர்கள். அமெரிக்க ஜாஸ் புல்லாங்குழல்காரர் ஜேம்ஸ் நியூட்டனோடு ஓர் இசைத்தட்டு, 2008-ல் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு ‘கின்ஸ்மென்’. 2004-ல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபரில் மறைந்தார்.

பெங்களூரில் ஒரு ராமநவமிப் பந்தலில் அவரைக் கேட்டிருக்கிறேன். ஷிப்ட் முடிந்து, எண்ணெய் வாடையோடு, ஜூஜூவாடியில் பஸ் மாறிப் போனேன். பக்கத்தில் ஒரு பெரியவர் கன்னடத்தில் ராகத்தின் பெயரைக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். முன்னாலிருந்த அம்மா தெலுங்கில், ‘இல்லை, அது வேறு’ என்று திருத்தினார். அந்த அம்மா சொன்னதுதான் சரி. நம் ஓசூரில் டீக்கடைப் பேச்சே அப்படித்தானே, மூன்று மொழியில் தொடங்கி உருதுவில் காசு கொடுத்து முடியும்.

உங்களில் பலர் திங்கட்கிழமை டிரெய்னியாகச் சேரப் போகிறீர்கள். சிலர் ஸ்கூட்டர் மோட்டார் சுற்றப் போகிறீர்கள், சிலர் போன் பாகம் கோக்கப் போகிறீர்கள், சிலர் எல்லை தாண்டிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிறீர்கள். இருபது வருஷம் கழித்து, நன்றாகக் கைவந்த வேலையை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை முதலிலிருந்து தொடச் சொல்வார்கள். கையில் ‘பீ’ என்றுதான் வரும். எதிரே ஒரு இருபத்திரண்டு வயது நிற்கும். அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் மூன்று வாரம் வீணடித்தேன். மரியானோ எத்தனை நாள் வீணடித்தாரோ.

காலையில் உங்களையெல்லாம் ஊர்வலமாக அரங்குக்குள் அழைத்துவந்த நாகஸ்வரக்காரர் அதோ ஓரத்தில் இருக்கிறார். கால்மணி நேரமாகச் சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டே என்னைப் பார்க்கிறார். அது மறுபடி காய்வதற்குள் நான் உட்கார்ந்துவிடுகிறேன்.