மறைக்க ஒரு பட்டன், காட்ட ஒரு பட்டன்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் சங்கத்தின் வரவு செலவு ஷீட்டை எல்லோரும் திரையில் பார்த்திருப்பீர்கள். வாட்ச்மேன் சம்பளம், தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, ஜெனரேட்டர் டீசல், பொது மின் கட்டணம் என்று வவுச்சர் வவுச்சராக முந்நூறு வரிசைக்கு மேல் ஓடும். அதைக் கூட்டத்தில் மேலும் கீழும் உருட்டினால் யாருக்கும் எதுவும் மனதில் தங்காது. பொதுவாக மக்கள் கேட்பது மாத மொத்தம் பன்னிரண்டும் ஆண்டு மொத்தம் ஒன்றும்தான். யாராவது "ஏப்ரலில் தண்ணீர் லாரிக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்டால் மட்டும் உள் விவரம் வேண்டும். இதற்கென்று சுருக்கம் ஒன்று, விவரம் ஒன்று என இரண்டு ஷீட் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றில் திருத்துவோம், மற்றதில் மறந்துவிடுவோம். ஒரே ஷீட், அதில் இரண்டு பட்டன் போதும்.

மேக்ரோ என்றதும் பயப்பட வேண்டாம். நாம் கையால் செய்யும் வேலையை எக்செல் எழுதி வைத்துக்கொண்டு, சொன்னபோது திரும்பச் செய்கிறது, அவ்வளவுதான். முதலில் கையால் செய்து பாருங்கள். சில வரிசைகளைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோலும் 9-ம் அழுத்தினால் அவை மறையும். மறைந்த இடத்துக்கு மேலும் கீழும் உள்ள வரிசைகளைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், 9 அழுத்தினால் திரும்ப வரும். இதையே வியூ மெனுவில் மேக்ரோஸ், ரெக்கார்ட் மேக்ரோ என்று போய்ப் பதிவு செய்யலாம்.

ஆனால் பதிவு செய்ததை அப்படியே நம்பக் கூடாது. 5 முதல் 28 வரை மறை என்று பதிவானால், அந்த எண்கள் மேக்ரோவுக்குள் எழுத்தாகவே நின்றுவிடும். நீங்கள் ஏப்ரலில் இரண்டு வவுச்சரை இடையில் நுழைத்தால், ஷீட்டில் உள்ள சூத்திரங்கள் தாமாக நகர்ந்துகொள்ளும், மேக்ரோ நகராது. கடைசி இரண்டு வவுச்சர் வெளியே தெரியும். மாறாக இரண்டு வரிசையை நீக்கினீர்கள் என்றால் ஏப்ரல் மொத்தமே மறைந்துபோகும்.

அதனால் நான் சொல்லும் வழி வேறு. ஏ பத்தியைக் காலியாக விட்டு, ஒவ்வொரு வவுச்சர் வரிசைக்கும் அதில் 1 என்று போடுங்கள். மொத்த வரிசைகளுக்கு எதுவும் வேண்டாம். மேக்ரோவில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: நான்காவது வரிசை முதல் ஐந்நூறாவது வரை ஒவ்வொன்றாகப் பார், ஏ பத்தியில் 1 இருந்தால் அந்த வரிசையின் ஹிடன் என்பதை ட்ரூ ஆக்கு. ஃபார், இஃப், நெக்ஸ்ட் என்று மூன்று வரி; தொடக்கமும் முடிவும் சேர்த்தால் ஐந்து. காட்டும் மேக்ரோ இன்னும் சுலபம்: எல்லா வரிசைக்கும் ஹிடன் என்பதை ஃபால்ஸ் ஆக்கு, ஒரே வரி. இனி எத்தனை வவுச்சர் நுழைத்தாலும், நீக்கினாலும், ஏ பத்தியில் 1 போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

அடையாளத்துக்கு எண்ணைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "விவரம்" என்று தமிழில் போடலாமே என்று ஒரு அம்மா கேட்டார். ஷீட்டில் தமிழ் அழகாக வரும். மேக்ரோ எழுதும் ஜன்னலில் தமிழ் எழுத்து எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். இத்தனை வருஷமாகியும் அதைச் சரிசெய்யவில்லை.

பட்டனுக்கு இன்செர்ட் மெனுவில் ஒரு வடிவத்தை வரைந்து, அதன் மேல் வலது கிளிக் செய்து, அசைன் மேக்ரோ கொடுங்கள். பட்டனை முதல் மூன்று வரிசைக்குள் வையுங்கள், அந்த மூன்றையும் ஃப்ரீஸ் செய்துவிடுங்கள். மறைகிற வரிசையின் மேல் பட்டனை வைத்தால் அதுவும் சேர்ந்து சுருங்கிக் காணாமல் போகும். பிறகு எதை அழுத்திக் காட்டுவது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மறைத்தால் கூட்டுத்தொகை மாறுமா?

நீங்கள் எந்தச் சூத்திரம் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. சம் போட்டிருந்தால் மறைந்த வரிசையையும் சேர்த்தே கூட்டும். சப்டோட்டல் போட்டிருந்தால் அதில் முதலில் கொடுக்கும் எண்ணைப் பாருங்கள். 9 என்றால், கையாலோ மேக்ரோவாலோ மறைத்ததைச் சேர்த்துக் கூட்டும். ஃபில்டரால் மறைந்ததை விட்டுவிடும். 109 என்றால் இரண்டையுமே விட்டுவிடும். அதாவது 109 போட்ட ஷீட்டில் "மறை" பட்டனை அழுத்தினால் ஏப்ரல் செலவு சைபர் என்று காட்டும். கூட்டத்தின் நடுவே, திரையில், எல்லார் கண் முன்பும். நம் ஷீட்டுக்கு 9 தான் சரி. மாத மொத்தத்துக்கும் ஆண்டு மொத்தத்துக்கும் அதையே போடுங்கள். சப்டோட்டல் தனக்குள் வரும் இன்னொரு சப்டோட்டலைக் கூட்டாது. மாத மொத்தங்கள் இரண்டு முறை சேர்ந்துவிடும் அபாயமும் இல்லை. பட்டன் வைத்த உடனே ஆண்டு மொத்தத்தை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, மறைத்து ஒரு முறை, காட்டி ஒரு முறை ஒப்பிடுங்கள். வங்கியில் கணக்கு டாலி ஆகாமல் வீட்டுக்குப் போக விடமாட்டார்கள். அந்தப் பழக்கம் இங்கேயும் நல்லது.

வேறொரு குடியிருப்பின் பொதுக்குழுவுக்குப் பார்வையாளனாகப் போயிருந்தேன். திரையில் இடது ஓரத்து வரிசை எண் 37-க்கு அடுத்து 52 என்று இருந்தது. ஒரு பெரியவர் எழுந்து, "நடுவிலே பதினாலு வரி எங்கேப்பா?" என்று கேட்டுவிட்டார். கணக்கு சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மடிக்கணினியை இயக்கியவருக்கு அதைத் திரும்பக் காட்டத் தெரியவில்லை. அரை மணி நேரம் சத்தம். "காட்டு" பட்டன் ஒன்று இருந்திருந்தால் ஒரு விநாடியில் முடிந்திருக்கும். ஆகவே நம் கூட்டத்தில் முதலில் எல்லாவற்றையும் காட்டிவிட்டு, சொல்லிவிட்டு, பிறகு மறைக்க வேண்டும் என்பது என் யோசனை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மறைத்தால் பத்திரம் என்று நினைப்பது. பாக்கி வைத்தவர்கள் பட்டியல், வாடகைக்கு இருப்பவர்களின் கைபேசி எண் இவற்றை மறைத்துவிட்டு அந்த ஃபைலையே வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். முழு ஷீட்டையும் தேர்ந்தெடுத்து வலது கிளிக்கில் அன்ஹைட் கொடுத்தால் பத்து வயதுப் பையனுக்கும் எல்லாம் தெரியும். காப்பி செய்து வேறு ஷீட்டில் ஒட்டினாலும், கையால் மறைத்த வரிசைகள் கூடவே போகும். ஆல்ட்டும் அரைப்புள்ளியும் அழுத்தி, தெரிகிற கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்த பிறகே காப்பி செய்ய வேண்டும். வெளியே அனுப்புவதை பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். அதில் திரையில் தெரிவது மட்டுமே போகும்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். ஃபைலை எக்ஸ்எல்எஸ்எம் என்ற வகையில் சேமிக்க வேண்டும்; வழக்கமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமித்தால் மேக்ரோ போய்விடும். மேக்ரோ ஓடிய பிறகு கண்ட்ரோல் இசட் வேலை செய்யாது. அதற்கு முன் செய்த மாற்றங்களையும் திரும்பப் பெற முடியாது. ஆகவே சேமித்துவிட்டு அழுத்துங்கள். ஷீட்டைப் பூட்டி வைத்திருந்தால், பூட்டும்போது ஃபார்மேட் ரோஸ் என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டன் பிழை காட்டும்.

மின்னஞ்சலில் வந்த மேக்ரோ ஃபைலைத் திறந்தால் சிவப்புப் பட்டை வந்து தடுக்கும். 2022 முதல் மைக்ரோசாஃப்ட் செய்த ஏற்பாடு. 1999-இல் மெலிசா என்ற வைரஸ் வேர்ட் மேக்ரோவாகத்தான் மின்னஞ்சல் வழியே பரவியது. ஆகவே அந்தத் தடையைக் குறை சொல்ல மாட்டேன். அனுப்பியவரைப் போனில் கேட்டு உறுதி செய்த பிறகே, ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் அன்பிளாக் கொடுங்கள்.

மேக்ரோவே வேண்டாம் என்பவர்கள் வரிசைகளைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட், ஆல்ட், வலது அம்பு அழுத்திக் குழுவாக்கலாம். ஓரத்தில் கூட்டல் கழித்தல் குறி வரும். ஒவ்வொரு மாதத்தையும் தனித்தனியே திறந்து மூட அது வசதி. அடுத்த பொருளாளருக்கு மேக்ரோ பழக்கமில்லை என்றால் நான் இதையே சொல்வேன்.

மாதிரி ஃபைல் ஒன்றைச் சங்க அலுவலகக் கணினியில் வைத்திருக்கிறேன். உண்மைக் கணக்கு இல்லை, எண்கள் எல்லாம் கற்பனை. தைரியமாகக் கெடுத்துப் பாருங்கள். சனிக்கிழமை மாலை மடிக்கணினியோடு வந்தால் சேர்ந்து செய்து பார்க்கலாம். கைபேசி எக்செலில் இந்த பட்டன்கள் ஓடாது, அதனால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு வர வேண்டாம்.