ஆறு நிறம், முப்பது கட்டை

ஒரு பள்ளிப் பிள்ளையிடம் சிவப்பு, பச்சை, மஞ்சள் கட்டைகளைக் கொடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை விதமாய் அடுக்கலாம் என்று கேளுங்கள். கண்டபடி மாற்றினால் கணக்கு தப்பும். சிவப்பை அடியில் நிறுத்தினால், மற்ற இரண்டும் 2 விதமாக ஏறும். மற்ற நிறங்களுக்கும் அப்படியே. ஆக, 6.

1873இல் சென்னைக்குப் பணிக்கு வந்த பீரங்கிப்படை அதிகாரி பெர்சி மக்மகான், பின்னாளில் பெரிய கணித அறிஞரானார். அவர் ஆராய்ந்த புதிர் இது: ஒரு கட்டையின் ஆறு முகங்களுக்கும் ஆறு வெவ்வேறு நிறம் பூசினால், எத்தனை வகைக் கட்டைகள் வரும்? (திருப்பிப் பார்த்தால் ஒன்றுபோல் இருப்பவை ஒரே வகை.)

வழி அதேதான். சிவப்பு அடியில். மேல்முகத்துக்கு 5 நிறங்களில் ஒன்று. மிச்சம் நான்கும் சுற்றிவர 6 விதம். ஐயாறு முப்பது!

ஒன்றை நிறுத்து, மற்றதை மாற்று, அவ்வளவுதான் சூட்சுமம். பிள்ளை பிடித்துக்கொண்டால், அடுக்குவதற்கு நான்காவதாக ஒரு நீலக் கட்டை கொடுங்கள். விடை 24 வரவேண்டும்.