கெட்டி அட்டையா, மெல்லிய அட்டையா?



நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று பல்கலைக்கழகங்களிலும் ஆசிரியர் கல்விக் கழகங்களிலும் படிக்கிறார்கள். படிப்பின் கடைசி ஆண்டில் ஆய்வேடு ஒன்றை எழுதி ஒப்படைக்கும் வேலை அவர்களில் பலருக்கு உண்டு. அந்தச் சமயத்தில் வீட்டுக்குத் தொலைபேசி வரும். "அப்பா, ஆய்வேட்டுக்குப் பைண்டிங் செய்ய வேண்டும், பணம் அனுப்புங்கள்" என்பார்கள். எதற்கு, எவ்வளவு என்று கேட்கத் தெரியாமல், கைமாற்று வாங்கியாவது நாம் அனுப்பி வைக்கிறோம். பிள்ளைகளின் படிப்பு என்றால் கணக்குப் பார்க்காத மக்கள் நாம். இருந்தாலும், விவரம் தெரிந்து செலவு செய்தால் அதே பணம் இன்னும் இரண்டு நல்ல காரியங்களுக்கு உதவும். ஆகவே, இன்று பைண்டிங் பற்றிச் சிறிது பேசுவோம்.

பைண்டிங்கில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று மெல்லிய அட்டை. தாள்களை ஒன்றாக அடுக்கி, முதுகுப் பக்கத்தைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, சூடான பசை தடவி, மேலே ஓர் அட்டையைச் சுற்றி ஒட்டிவிடுவார்கள். இயந்திரம் இருக்கும் கடையில் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். மற்றொன்று கெட்டி அட்டை. இதில் தாள்களைப் பசையால் இறுக்கியோ, ஓரத்தில் நூல் கொண்டு தைத்தோ கட்டுவார்கள். பிறகு கனத்த அட்டைக்குத் துணியோ ரெக்சினோ போர்த்தி, அதற்குள் தாள்கட்டைப் பொருத்தி, பசை காயும் வரை அழுத்தி வைப்பார்கள். முதுகில் தங்க நிற எழுத்துப் பொறிப்பார்கள். இதற்குக் கைவேலை அதிகம். நாளும் அதிகம் பிடிக்கும். விலையும் மெல்லிய அட்டையைப் போலப் பல மடங்கு ஆகும்.

பசையால் ஒட்டும் இந்த முறைக்கும் நம் ரப்பருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1836ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹான்காக் என்பவர், நூலால் தைக்காமல் ரப்பர்க் கரைசலைத் தடவிப் புத்தகம் கட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். தொடக்கத்தில் அந்தப் புத்தகங்கள் பார்க்க அழகாக இருந்தன. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் காய்ந்து உதிர்ந்தது. தாள்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. வெட்டுமரத்தில் ஒட்டிக் கிடக்கும் பால் எப்படிக் காய்ந்து போகும் என்பதை நம் பெரியவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்றைய பசை அதைவிட மிக நல்லது. ஆனாலும் கடும் வெயிலில் நின்ற காருக்குள் புத்தகத்தைப் போட்டு வைத்தால் பசை இளகும். விரித்து அழுத்தி மடக்கினால் முதுகு வெடிக்கும்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பிரதி யாரிடம் போகிறது, எத்தனை காலம் இருக்கப் போகிறது என்பதே. ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் படித்துப் பிழைகளைக் குறிப்பார்கள். வாய்மொழித் தேர்வு நடக்கும். மாணவர் திருத்தி எழுதுவார். திருத்தத்துக்கு முன் கொடுக்கும் பிரதிக்கு மெல்லிய அட்டையே போதும். பெரும்பாலும் கல்விக்கூடங்களும் அதையே கேட்கின்றன. கெட்டி அட்டை போட்டுவிட்டால் நடுவில் ஒரு தாளை மாற்றுவதற்கும் முழுவதையும் பிரித்துக் கட்ட வேண்டிவரும். எல்லாத் திருத்தமும் முடிந்து, நூலகத்தில் வைக்கக் கொடுக்கும் பிரதிக்குத்தான் கெட்டி அட்டை. அதையும் இப்போது சில இடங்களில் கணினிக் கோப்பாகவே பெற்றுக்கொள்கிறார்கள். எத்தனை பிரதி, என்ன நிறம், முதுகில் என்ன எழுத்து என்பதை எல்லாம் விதிமுறை நூல் சொல்லும். அதைப் படித்துப் பார்த்த பிறகு கடைக்குப் போகும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, கனம். வழக்கமான 80 கிராம் ஏ4 தாளில் 100 தாள் அடுக்கினால் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வரும். 200 தாள் 1 கிலோ எடை இருக்கும். 30, 40 தாள் மட்டுமே உள்ள இடுபணிக்குக் கெட்டி அட்டை வீண் செலவு. முதுகில் தலைப்பை எழுதவும் இடம் இராது. ஆறாம் படிவத்து இடுபணிக்குச் சுருள் கம்பி பைண்டிங்கோ, ஒரு நல்ல கோப்போ போதும். எந்த வகையானாலும் தட்டச்சு செய்யும்போதே இடப்பக்கம் 4 சென்டிமீட்டர் ஓரம் விட வேண்டும். இல்லாவிட்டால் எழுத்துகள் கட்டுக்குள் மறைந்துபோகும்.

மூன்றாவது, நாள். ஒப்படைக்கும் நாளுக்கு முதல் நாள் கடைக்கு ஓடினால் கேட்ட விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். எல்லா மாணவர்களும் அதே வாரத்தில்தான் வருவார்கள். கெட்டி அட்டைக்கு ஒரு வாரமாவது முன்னதாகக் கொடுப்பது நல்லது.

இங்கே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தங்க எழுத்துக்காக எந்தத் தேர்வாளரும் மதிப்பெண் கூட்டிப் போடுவதில்லை. கூடப் படிக்கும் பிள்ளைகள் ஐந்து பிரதி கட்டினார்கள் என்று நம் பிள்ளையும் ஐந்து கட்ட வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் பேருந்துக் கட்டணம் உண்டு, சாப்பாடு உண்டு. நாள்கூலியில் வந்த பணம் என்பதைப் பிள்ளைகளும் அறிவார்கள். நாம் கேட்டால் அவர்கள் வருந்த மாட்டார்கள்.

ஆனால், முடிந்தால் ஒரு பிரதியை மட்டும் கெட்டி அட்டையில் கட்டி வீட்டில் வையுங்கள் என்றும் நாங்கள் சொல்வோம். மூன்று தலைமுறையாக மரம் வெட்டிய, செம்பனைக் குலை அறுத்த குடும்பத்தில், பிள்ளை எழுதிய முதல் நூல் அது. தம்பி தங்கைகள் எடுத்துப் புரட்டுவார்கள். நாளை பேரப்பிள்ளைகளும் புரட்டுவார்கள். பல கைகள் தொடும் நூலுக்குக் கெட்டி அட்டை தகும்.

அதைப் பத்திரப்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டு ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். பசையையும் தாளையும் தின்ன இராமபாணப் பூச்சியும் கரையானும் வரும். ஆகவே தரையிலோ, ஈரச் சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். காற்றோட்டமான அலமாரியில் நிறுத்தி வைத்து, மாதம் ஒரு முறை எடுத்துத் தூசி தட்டுங்கள். நெகிழிப் பையில் போட்டு இறுகக் கட்டினால் உள்ளிருக்கும் ஈரமே நூலைக் கெடுக்கும். ஓலைச்சுவடிக்கு மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டி, வசம்பும் வேப்பிலையும் சேர்த்துக் காத்தவர்கள் நம் முன்னோர்கள். நூலைக் காப்பது நமக்குப் புதிய வேலை அல்ல.

அடுத்த முறை பிள்ளை பைண்டிங்குக்குப் பணம் கேட்கும்போது, மூன்று கேள்வி கேளுங்கள். திருத்தம் முடிந்துவிட்டதா? விதிமுறை என்ன கேட்கிறது? எத்தனை பிரதி? இந்த மூன்றுக்கும் பதில் வந்த பிறகு மனநிறைவோடு அனுப்புங்கள்.