எட்டு போட்டால் நாலு காட்டுவது ஏன்?

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களைப் பற்றிப் போன மாதம் பேசினோம். இந்த மாதம் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசுமாறு பல தாய்மார்கள் கேட்டிருந்தார்கள். "ரேம் கூடுதலாகப் போட்டோம், காசும் கொடுத்தோம், கம்ப்யூட்டர் அதைக் காட்டவில்லை" என்பதுதான் அவர்கள் சொல்லும் குறை.

இது சின்ன விஷயம் இல்லை. வாப்பா வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதித்து அனுப்பும் பணத்தில் வாங்கும் பொருள் அது. சில மாதங்களுக்கு முன் நம் மஹல்லாவில் ஒரு குடும்பத்துக்கும் ஒரு கடைக்காரருக்கும் இதனால் பெரிய மனத்தாங்கல் வந்தது. 8 ஜிபிக்குப் பணம் வாங்கிக்கொண்டு குறைத்துப் போட்டுவிட்டார் என்று அந்தக் குடும்பத்தார் சொன்னார்கள். நான் போட்டது 8 தான் என்று அவர் சத்தியம் செய்தார். பேச்சு தடித்து, பள்ளிவாசல் வாசல் வரை வந்தது. கடைசியில் கம்ப்யூட்டர் படிக்கும் நம் பிள்ளை ஒருவன் திரையைத் திறந்து பார்த்தான். உள்ளே 8 ஜிபி சரியாகவே இருந்தது. அதைப் பயன்படுத்த முடியாத விண்டோஸ் போடப்பட்டிருந்ததுதான் கோளாறு. கடைக்காரர் மேல் இருந்த பழி நீங்கியது. ஆனால் அதற்குள் எத்தனை பேர் காதுக்கு அந்தப் பேச்சு போயிருக்கும்?

அளவில் குறைப்பவர்களைக் கண்டித்து நம் வேதத்தில் 83ஆவது அத்தியாயமான அல்முதஃப்பிஃபீன் இருக்கிறது. செய்தியை விசாரித்துத் தெளிந்துகொள்ளச் சொல்லும் 49ஆவது அத்தியாயமும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். ஏமாறவும் கூடாது, அபாண்டம் சொல்லவும் கூடாது. அதற்கு எப்படிப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் திரையைப் படியுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் என்ற பக்கத்துக்குப் போனால் இன்ஸ்டால்டு ரேம் என்று ஒரு வரி இருக்கும். சில கம்ப்யூட்டர்களில் 8 ஜிபி என்று எழுதி, பக்கத்தில் 3.4 ஜிபி யூசபிள் என்று இருக்கும். முதல் எண் உள்ளே பொருத்தியிருப்பது. இரண்டாவது எண் பயன்படுத்த முடிவது. முதல் எண்ணே குறைவாக இருந்தால், ரேம் குச்சியிலோ அதைச் செருகும் ஸ்லாட்டிலோ கோளாறு இருக்கலாம். முதல் எண் சரியாக இருந்து இரண்டாவது மட்டும் குறைந்தால், குச்சியைக் குறை சொல்ல வேண்டாம். கோளாறு பெரும்பாலும் விண்டோஸிலோ செட்டிங்கிலோதான்.

அதே பக்கத்தில் சிஸ்டம் டைப் என்ற வரியையும் பாருங்கள். 32 பிட்டா, 64 பிட்டா என்று அங்கே தெரியும். நம் பஞ்சாயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு எண் உண்டல்லவா? எண் இல்லாத வீட்டுக்குத் தபால்காரர் போக மாட்டார். ரேமில் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் அப்படி ஓர் எண் வேண்டும். 32 பிட் முறையில் கொடுக்க முடிகிற எண்கள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அது சரியாக 4 ஜிபி. அதிலும் ஒரு பங்கு, படம் காட்டும் கிராபிக்ஸ் முதலான மற்ற பாகங்களுக்குப் போய்விடும். மிஞ்சுவது பெரும்பாலும் 3 முதல் 3.5 ஜிபி வரை. நீங்கள் 8 போட்டாலும் 16 போட்டாலும் 32 பிட் விண்டோஸில் இதுதான் கதி. நான் சொன்ன அந்த வீட்டிலும் இதுவே நடந்தது.

அந்த வரியில் 32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம் என்றும், எக்ஸ்64 பிராசசர் என்றும் இருந்தால் கவலை வேண்டாம். பிராசசர் தாங்கும், விண்டோஸை மட்டும் 64 பிட்டாக மாற்றினால் போதும். ஆனால் பழையதின் மேலேயே அப்படி மாற்ற முடியாது, புதிதாக நிறுவ வேண்டும். அதற்கு முன் சான்றிதழ்கள், போட்டோக்கள், படிப்புக் கோப்புகள் எல்லாவற்றையும் வேறு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். இன்னொன்று: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 என்பது 64 பிட்டில் மட்டுமே வருவது. பழைய கம்ப்யூட்டர் அதை ஏற்காவிட்டால், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற இலவச முறைகள் இருக்கின்றன.

அரசு கொடுத்த இலவச மடிக்கணினி நம்மில் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம் அது. முதல் ஆண்டுகளில் வந்தவற்றில் ரேம் 2 ஜிபிதான். தம்பி தங்கைக்கு ஆகட்டும் என்று அதில் ரேம் கூட்ட நினைப்பவர்கள், முதலில் எந்த விண்டோஸ் என்று பாருங்கள். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்று இருந்தால் அது 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. எவ்வளவு போட்டாலும் வீண். 64 பிட்டிலும் இப்படிப் பதிப்புக்குப் பதிப்பு வரம்பு உண்டு. விண்டோஸ் 7 ஹோம் பேசிக் 8 ஜிபி வரை, ஹோம் பிரீமியம் 16 ஜிபி வரை ஏற்கும்.

64 பிட்டாக இருந்தும் யூசபிள் குறைந்தால் என்ன செய்வது? தேடும் கட்டத்தில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் என்று தட்டுங்கள். அதில் பூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். அங்கே மேக்சிமம் மெமரி என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துத் திறங்கள். வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதைத் தொட்டிருப்பார்கள். உண்மையில் அது ரேமுக்குப் போடும் பூட்டு.

அடுத்து கிராபிக்ஸ். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டர்கள், படம் காட்டுவதற்கும் ரேமிலிருந்தே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் ஹார்டுவேர் ரிசர்வ்டு என்ற இடத்தில் அந்த அளவு தெரியும். சில கம்ப்யூட்டர்களில் அது 2 ஜிபி வரைகூடப் போகும். அது திருட்டும் இல்லை, கோளாறும் இல்லை. பயாஸில் அந்தப் பங்கைக் குறைக்க வழி இருந்தால் குறைக்கலாம். பழைய போர்டுகளில் மெமரி ரீமேப் என்று ஒன்று இருக்கும். அது அணைந்திருந்தாலும் 64 பிட்டில் ரேம் குறைவாகத் தெரியும். பயாஸையே புதுப்பிக்கும் வேலையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் மதர்போர்டே எழும்பாமல் போகலாம். இடி மின்னல் காலத்தில் நம் ஊர் கரண்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இனி, முதல் எண்ணே குறைந்தால் பார்க்க வேண்டியது. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்தி விடுங்கள். மடிக்கணினி என்றால் பேட்டரியையும் கழற்ற வேண்டும். கையை ஏதாவது இரும்பில் தொட்டுவிட்டு, குச்சியை ஓரத்தில் பிடித்து எடுங்கள். நம் ஊரில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. ஈரமும் தூசியும் சேர்ந்து அந்தப் பொன்னிறப் பட்டைகளில் அழுக்குப் படியும். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகள்களை ஊதிவிட்டு, இரு பக்கக் கொக்கிகளும் விழும் வரை அழுத்திச் செருகுங்கள். பாதி செருகிய குச்சி இருந்தும் இல்லாததற்குச் சமம்.

அப்படியும் தெரியாவிட்டால், ஒரு நேரத்தில் ஒரு குச்சியை மட்டும் போட்டு ஒவ்வொரு ஸ்லாட்டாகச் சோதியுங்கள். ஒரு குச்சி எந்த ஸ்லாட்டிலும் தெரியவில்லை, மற்றது தெரிகிறது என்றால் அந்தக் குச்சி பழுது, அல்லது அந்தப் போர்டுக்குப் பொருந்தாதது. எந்தக் குச்சியைப் போட்டாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்டில் மட்டும் தெரியவில்லை என்றால் கோளாறு ஸ்லாட்டில், அல்லது பிராசசர் உட்காரும் இடத்தில் வளைந்த ஊசியில். அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். குச்சி தெரிகிறது, ஆனால் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறது என்றால் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்பதை ஓடவிட்டுப் பாருங்கள். அது விண்டோஸோடு வருவது, காசு இல்லை.

வாங்கப் போகும்போது மூன்றை மறக்காதீர்கள். டிடிஆர்3, டிடிஆர்4 என்ற வகை போர்டோடு பொருந்த வேண்டும். பொருந்தாததில் பள்ளம் இடம் மாறியிருக்கும், பலவந்தமாகச் செருகினால் இரண்டும் போகும். உங்கள் போர்டு எவ்வளவு ரேம் தாங்கும், ஒரு ஸ்லாட்டில் எவ்வளவு தாங்கும் என்று கேளுங்கள். கடையிலேயே திரையைத் திறந்து இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு, வாரண்டி எழுதிய பில்லோடு வெளியே வாருங்கள். நேர்மையான கடைக்காரர் இதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் இது பாதுகாப்பு.

"மதர்போர்டு போச்சு, புதுசு வாங்குங்க" என்று யாராவது சொன்னால், இந்தச் சோதனைகள் முடியும் வரை பணத்தை எடுக்காதீர்கள். குறிப்பாக வாப்பா ஊரில் இல்லாத வீடுகளிலும், விதவைத் தாய்மார்களின் வீடுகளிலும் இது கவனம். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு நம் அறக்கட்டளை அலுவலகத்தில் நம் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் இருப்பார்கள். மூன்று விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள்: இன்ஸ்டால்டு எவ்வளவு, யூசபிள் எவ்வளவு, 32 பிட்டா 64 பிட்டா. கம்ப்யூட்டரைச் சுமந்து வர வேண்டுமா, வீட்டிலேயே முடியுமா என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள், இன்ஷா அல்லாஹ். கட்டணம் கிடையாது.

வஸ்ஸலாம்.