ஏற்காட்டில் வீடு வாங்குவோருக்கு

ஏற்காட்டு ஏரியைச் சுற்றிவந்த மாலையிலேயே, இங்கொரு வீடு வாங்கிவிட வேண்டும் என்னும் ஆசை பலருக்குப் பிறந்துவிடுகிறது. சித்திரையில் பிறக்கும் ஆசை அது. ஐப்பசியில் சுவரில் ஈரம் ஊறும்போதுதான் வீட்டின் குணம் தெரியும். முதன்முறை வாங்கும் குடும்பத்தார் ஒரு மழைக்காலமேனும் வாடகைக்கு இருந்து பார்ப்பது நலம் என்பேன்.

காப்பித் தோட்டத்தைத் துண்டாடிய மனையாயின், காட்சியழகை விட்டு அங்கீகாரத்தைக் கேளுங்கள். அங்கீகாரமற்ற புதிய மனைகளைப் பதிவு செய்ய 2016-ஆம் ஆண்டு முதல் தடை உண்டு. வில்லங்கச் சான்றும் பதிவான ஆவணங்களையே காட்டும். பங்காளியின் பதிவாகாத உரிமையைக் காட்டாது. அதற்குத் தாய்ப்பத்திரத்தையும் பட்டாவையும் வழக்கறிஞர் ஒருவர் பார்த்தாக வேண்டும்.

செலவோ? 2023-இல் அமைந்த வீதப்படி முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 30 இலட்ச ரூபாய் வீட்டுக்கு அதுவே 2,70,000 ரூபாய். இத்தொகைக்கு வங்கிகள் பெரும்பாலும் கடன் தருவதில்லை, கையிருப்பிலிருந்தே எடுக்கவேண்டும்.