கடற்பாறையில் ஓர் எலும்பு



திருவில்லிபுத்தூரின் வைணவ இல்லங்கள் சாளக்கிராமத்தை நன்கு அறிந்தவை. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அக்கருங்கல்லின் தலத்தைப் பெரியாழ்வார் தம் திருமொழியில் பாடியிருக்கிறார். கல்லில் துளை எத்தனை, சக்கரம் எத்தனை, அவை எப்பக்கம் அமைந்துள்ளன என்று நோக்கி, இது இலட்சுமி நாராயணன், இது நரசிம்மன் என்று பெயர் சொல்லும் இலக்கண மரபு ஒன்று உண்டு. அதே சக்கரத்தை நிலவியலார் அம்மோனைட்டு என்பர். கணவாய்க்கு உறவான, சுருள் ஓடுடைய கடல் உயிர் அது. இமயம் எழுவதற்கு முன் அங்கிருந்த கடலின் சேற்றில் புதைந்து கல்லாயிற்று. இருவர் கண்ட முடிவு வேறாயினும் முறையில் ஓர் ஒற்றுமை உண்டு. இருவருமே அடையாளத்தை எண்ணிய பிறகுதான் பெயர் சொல்கின்றனர்.

அடையாளம் பொய்த்தால் என்ன ஆகும்? அதற்குத் தமிழ் மண்ணிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. அதற்கு அரியலூர்ப் பக்கம் போக வேண்டும்.

இம்மாவட்டத்தார்க்குச் சுண்ணாம்புக்கல் புதிதன்று. இராமசாமிராஜா நகர்ச் சிமெண்டு ஆலையும் பந்தல்குடிச் சுரங்கமும் அக்கல்லை நம்பி எழுந்தவை. ஆனால் இங்குள்ளது மிகப் பழைய கல். பூமியின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து படிகமாக மாறியது. அதில் உயிரின் தடம் தேடுவது வீண். அரியலூர், பெரம்பலூர், கள்ளக்குடிப் பகுதிச் சுண்ணாம்புக்கல் அவ்வாறன்று. கிரெட்டேசியஸ் எனப்படும் காலத்தில் கடல் உள்ளே வந்து தங்கிப் பின்வாங்கிய இடம் அது. கருடமங்கலத்துக் கல்லை அறுத்து மெருகிட்டால் கிளிஞ்சலும் நத்தையும் பூவேலை போல் தெரியும். திருச்சிப் பளிங்கு என்று அதை ஒருகாலத்தில் அலங்காரக் கல்லாக விரும்பி வாங்கினர்.

இக்கல்லின் உயிர்களுக்கு முறையாகப் பெயரிடும் வேலை 1846-இல் தொடங்கியது எனலாம். கே, கன்லிஃப் என்ற இருவர் திரட்டிய புதைபடிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் அவ்வாண்டில் விவரித்து எழுதினார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்டு, அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்றாகப் பிரித்தார். மொராவியா நாட்டவரான ஸ்டோலிச்கா 1873 வரை உழைத்துத் தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிர்களைப் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். ஊட்டத்தூர் என்ற சிற்றூரின் பெயர் உலகின் நிலவியல் நூல்களில் ஏறியது இவ்வாறுதான்.

அறியாத ஒரு படிவத்தை அவர்கள் எப்படி அறிந்தனர்? அம்மோனைட்டையே எடுத்துக்கொள்ளலாம். அதன் ஓட்டுக்குள் வரிசையாக அறைகள். அறைச்சுவர் ஓட்டின் உட்புறத்தைத் தொடும் இடத்தில் ஒரு கோடு விழும். மேலோடு தேய்ந்து நீங்கிய படிவங்களில் அக்கோடு கொத்துமல்லித் தழையின் ஓரம் போல் நெளிந்து கிளைத்திருப்பதைக் காணலாம். அந்நெளிவு இனத்துக்கு இனம் வேறுபடும். சுருளின் இறுக்கம், விலாவரிகளின் அமைப்பு, வெளிப்புறத்து மேடு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பர். அம்மோனைட்டு இனங்கள் விரைவாகத் தோன்றி விரைவாக மறைந்தவை. ஆகவே ஒன்றை அறிந்தால் அது கிடந்த அடுக்கின் வயதையும் அறியலாம். கல்லை எடுத்தவர் எந்த ஊர், எந்த ஓடை, எந்த அடுக்கு என்று குறிக்காமல் பையில் போட்டுக்கொண்டாரேயானால், படிவத்தின் பாதிச் செய்தி அங்கேயே உதிர்ந்துவிடும். ஏடு கிடைத்து, எழுதிய காலமும் எழுதியோன் ஊரும் தெரியாத பாட்டின் நிலை அது.

ஓடு முழுமையாகக் கிடைப்பதால் அம்மோனைட்டு எளிது. எலும்பு அவ்வளவு இணங்குவதில்லை.

1979-இல் யாதகிரி, அய்யசாமி என்னும் நிலவியல் துறை அறிஞர் இருவர், திருச்சிராப்பள்ளி அடுக்கில் கிடைத்த எலும்புகளை விவரித்துத் திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி என்று பெயரிட்டனர். தலையோட்டின் ஒரு பகுதி, ஒரு பல், இடுப்பெலும்புகள், தட்டுகள், வால்முள் எனக் கருதப்பட்ட ஒன்று ஆகியவை அவர்கள் கைக்கு வந்தவை. அது முதுகில் தட்டு வரிசையுடைய ஸ்டெகோசார் இனத்து டைனோசர் என்பது அவர்தம் முடிபு. அம்முடிபு சிறியதன்று. ஸ்டெகோசார்கள் செழித்தது ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன். திருச்சிராப்பள்ளி அடுக்கோ ஏறத்தாழ 9 கோடி ஆண்டுப் பழமையது. பிற நிலங்களில் அற்றுப்போன ஒரு குலம், தனித்து மிதந்துகொண்டிருந்த இந்திய நிலத்தில் மட்டும் நெடுங்காலம் பிழைத்திருந்தது என்று அது பொருள்படும்.

ஆனால் எலும்பு கிடந்தது கடற்படிவில். நிலத்து விலங்கு கடலில் கிடப்பது நடக்காத செயல் அன்று. ஆற்றில் அடித்துவரப்பட்ட பிணம் உப்பி மிதந்து கடலடியில் அமிழ்வதுண்டு. எனினும் கடற்படிவில் கிடைத்த எலும்பைக் கண்டால் முதலில் கடல் விலங்கை ஐயுறுவதே முறை. சங்கர் சாட்டர்ஜியும் ருத்ராவும் 1996-இல் அந்த ஐயத்தையே எழுப்பினர். அவ்விடத்தில் தாங்கள் கண்டவை பிளீசியோசாரின் எச்சங்களே என்றனர். பெயரிடப்பட்ட இடுப்பு, பின்னங்கால் எலும்புகளும் மழையிலும் வெயிலிலும் தேய்ந்துபோன பிளீசியோசார் எலும்புகளே என்பது அவர்தம் வாதம். பிளீசியோசார் நான்கு துடுப்புக் கால்களால் நீந்திய கடல் ஊர்வன. அதன் இடுப்பெலும்புகள் அகன்ற தகடுகளாக இருக்கும். தேய்ந்த தகடு முதுகுத்தட்டாகத் தோன்றக்கூடும் என்பதை எவரும் மறுக்க மாட்டார். இங்கிலாந்தில் 1823-இல் மேரி ஆனிங் முழுக் கூட்டைக் கண்டெடுத்தபோது, அத்துணை நீண்ட கழுத்து இயற்கையில் இருக்க முடியுமா என்று கூவியேவே ஐயுற்றார் என்பதையும் இங்கு நினைக்கலாம். பேரறிஞர் ஐயம் எப்போதும் வெல்வதில்லை.

மறுதரப்பும் ஓயவில்லை. தலையோடும் தட்டும் பிளீசியோசாருடையவை அல்ல என்று 2004-இல் கால்ட்டனும் அப்சர்ச்சும் எழுதினர். இவ்வழக்கில் இருபுறமும் வலுவுண்டு. ஆயினும் கிடந்த அடுக்கு கடலின் பக்கமே சாட்சி சொல்கிறது என்பதை ஒதுக்கிவிட இயலாது. ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. கல்லமேட்டில் கிடைத்து ஸ்டெகோசாரின் தட்டு எனக் கருதப்பட்டிருந்த வேறோர் எலும்பை 2017-இல் மீண்டும் ஆராய்ந்து, அது அத்தகைய தட்டு அன்று என்று எழுதியவருள் ஒருவர் கால்ட்டன். மற்றவர், திராவிடோசாரசுக்குப் பெயரிட்ட அதே அய்யசாமி.

பெயர் என்ன ஆகும் என்று கவிஞர்கள் கேட்கக்கூடும். நன்னூல் கற்றோர் இடுகுறி, காரணம் என்ற பாகுபாட்டை அறிவர். ஸ்டெகோசார் என்றால் கூரைப்பல்லி; அது உருவம் பற்றிய காரணப்பெயர். தட்டு இல்லையேல் காரணம் போயிற்று. திராவிடோசாரஸ் என்பதோ திராவிட நாட்டுப் பல்லி என்று இடத்தை மட்டும் சொல்கிறது. விலங்கு நிலத்ததாயினும் கடலதாயினும் அது கிடைத்த மண் மாறப்போவதில்லை. பெயரிடும் விதிகளின்படியும், விலங்கின் குலம் மாறியது என்பதற்காக முதலில் இட்ட பெயர் நீக்கப்படுவதில்லை.

இத்தகைய பொறுமை ஊர்ப்பேச்சுக்கு இருப்பதில்லை. பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் 2020-இல் குளம் தோண்டியபோது வெளிப்பட்ட பெரிய உருண்டைகளை டைனோசர் முட்டை என்று ஊரே பேசிற்று. ஆய்ந்தவர்கள் அவை கடற்படிவில் திரண்ட கற்கள் என்றனர். முட்டை என்றதும் ஓடிவந்த கூட்டம் கடல் என்றதும் கலைந்திருக்கும். அந்த வறண்ட வெளியில் கடல் இருந்தது என்பது முட்டையினும் வியப்பான செய்தி அல்லவா!

திராவிடோசாரசின் வழக்கைத் தீர்க்க வழி இருக்கிறது. சேர்த்துவைத்த எலும்புகளைப் பொதிந்துள்ள கல்லை முற்றும் நீக்கி மறுபடி வரைந்து வெளியிட வேண்டும். அதே அடுக்கில், மூட்டுப் பிரியாமல் கிடக்கும் கூடு ஒன்று கிடைக்க வேண்டும். அப்பகுதியின் சுண்ணாம்புக்கல்லைச் சிமெண்டு ஆலைகளும் நாள்தோறும் வெட்டுகின்றன. சுரங்கத்தின் வெடியும் இயந்திரமும் அடுக்கைத் திறந்து காட்டுகின்றன. திறந்த அன்றே அரைத்தும் விடுகின்றன. தேடுவோர் அந்த இடைவெளிக்குள் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.